திறக்காத கோப்பும் அறுபத்தோராம் நம்பரும்

எழுபத்து மூன்று வயதில் ஒரு மனிதன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கண் கலங்கினான் என்றால் சிரிக்கத்தான் தோன்றும். என் வீட்டுக்காரியும் சிரித்தாள். "முப்பத்தெட்டு வருஷம் ஆபீஸ்ல ஃபைலோட மாரடிச்சீங்க. இப்ப ஒரு ஃபைல் திறக்கலைன்னா இப்படியா?" என்றாள். அவளுக்கு முழு விஷயம் அப்போது தெரியாது. நானும் சொல்லவில்லை. தப்பு என்னுடையது என்பதால் சொல்ல வாய் வரவில்லை.

ஓய்வு பெற்ற ஊழியர்கள் நாங்கள் ஒரு சின்னச் சங்கம் நடத்துகிறோம் என்று இந்தப் பக்கங்களில் முன்பே எழுதியிருக்கிறேன். 143 பேர். மாதம் நூறு ரூபாய் சந்தா. யாராவது காலமானால் காரியச் செலவுக்கு என்று குடும்பத்துக்கு ரூ.15,000 கொடுப்போம். ஆறு மாதத்துக்கு மேல் சந்தா பாக்கி இருந்தால் கிடையாது. இந்த விதியைப் போட்டவர்கள் எங்களுக்கு முந்தின தலைமுறை. கணக்கு எழுதுவது 2016 முதல் என் பொறுப்பு. மூன்று வருடம் நோட்டில் எழுதினேன். 2019இல் எக்செலுக்கு மாறினேன். மாறின கையோடு ரசீதுப் புத்தகத்தையும் நிறுத்தினேன். "அதான் கம்ப்யூட்டர்ல ஏத்திடறோமே, அடிக்கட்டை எதுக்கு?" என்று கமிட்டியில் பேசியவனும் நான்தான். பணம் கொடுத்தவருக்கு வாட்ஸ்அப்பில் 'பெறப்பட்டது' என்று ஒரு வரி போடுவேன். வாட்ஸ்அப் இல்லாதவருக்கு அதுவும் கிடையாது.

2024 நவம்பர் 30, சனிக்கிழமை. ஃபெஞ்சல் புயல் நம் ஊரை நோக்கி வந்த நாள். ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்து தெருக்களில் படகு விட்டார்களே, அந்த மழை. வெளியே போக முடியாது, வீட்டில் வேறு வேலையும் இல்லை என்று நவம்பர் மாத வரவுகளை ஏற்றிக்கொண்டிருந்தேன். கோப்பு பென் டிரைவில் இருந்தது. சங்க அலுவலகத்திலும் வேண்டும், வீட்டிலும் வேண்டும் என்று பென் டிரைவிலேயே வைத்து நேரடியாக எழுதுவது என் பழக்கம். யு.பி.எஸ். பேட்டரி செத்து ஒரு வருடம் ஆகிறது. சேமிக்கும் பொத்தானை அமுக்கினேன், கரண்ட் போனது.

இதுவரை நடந்ததை விதி என்று சொல்லலாம். அடுத்தது என் கைங்கரியம். கரண்ட் வந்த பிறகு, மாதம் ஒரு முறை செய்வது போல, பென் டிரைவில் இருந்ததை வீட்டுக் கம்ப்யூட்டரில் பத்திரப்படுத்தினேன். அதே பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருக்கிறது, மாற்றட்டுமா என்று கேட்டது. ஆமாம் என்றேன். திறந்து பார்க்கவில்லை. உடைந்த கோப்பைத் தூக்கி, அக்டோபர் வரை நன்றாக இருந்த கோப்பின் மேல் வைத்துவிட்டேன். ஆக, என்னிடம் இரண்டு பிரதிகள் இருந்தன, இரண்டும் ஒரே மாதிரி உடைந்தவை. எனக்கு அது தெரிந்தது மூன்று வாரம் கழித்து.

டிசம்பர் மூன்றாவது வாரம் ஒரு அம்மா வந்தார். உறுப்பினர் எண் 61இன் மனைவி. அவர் எங்கள் இலாகாவில் டிரைவராக இருந்தவர். அதிகம் பேசமாட்டார், கூட்டத்தில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போய்விடுவார். பத்து நாள் முன்னால் தூக்கத்திலேயே போய்விட்டார். நானும் போய் மாலை போட்டு வந்திருந்தேன். அந்த அம்மா ஒரு மஞ்சள் பையில் பழைய ரசீதுகளைக் கட்டி எடுத்து வந்திருந்தார். எல்லாம் 2019 வரைக்கும். அதற்குப் பிறகு நான்தான் ரசீது கொடுக்கவில்லையே. கமிட்டியில் ஒருவர், பெயர் வேண்டாம், "அவர் ஒரு வருஷமா சந்தா கட்டின மாதிரி ஞாபகம் இல்லையே" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நினைவு அப்படித்தான் இருந்தது அவருக்கு. "கோப்பைப் பார்த்தால் தெரிஞ்சிடும்" என்று நான் பெருமையாகச் சொல்லிவிட்டு பென் டிரைவைச் செருகினேன். கோப்பின் வடிவம் சரியில்லை, அல்லது அது சிதைந்திருக்கிறது, திறக்க முடியாது என்று வந்தது. அந்த அம்மா எதிரில் உட்கார்ந்திருந்தார். "இன்னொரு நாள் வாங்கம்மா" என்று அனுப்பி வைத்தேன்.

அடுத்த நாள் ஒரு கடைக்குக் கொண்டு போனேன். பார்க்காமலே நாலாயிரத்து ஐந்நூறு என்றார்கள், வந்தாலும் வராவிட்டாலும். திரும்பி வந்து தங்கை மகனைக் கூப்பிட்டேன். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை வந்தான்.

அவன் செய்த முதல் காரியம் எனக்குப் பிடித்திருந்தது. "மாமா, இனிமே நீங்க இதுல கை வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, அந்த உடைந்த கோப்பையே மூன்று பிரதி எடுத்து, மூலத்தைத் தனியாக வைத்துப் பூட்டினான். உடைந்ததற்கு எதற்கடா பிரதி என்று கேட்டேன். சரி செய்கிறேன் என்று இறங்கித்தான் பலபேர் மிச்சம் இருப்பதையும் அழித்துவிடுகிறார்கள் என்றான். என் போன்றவர்கள் வீட்டில் திறக்காத கோப்பு இருந்தால் இதை முதலில் செய்யுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

பிறகு எக்செலிலேயே, கோப்பைத் திறக்கும் இடத்தில் 'திற' பொத்தானுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கிறது, அதை அமுக்கினால் 'திறந்து பழுது பார்' என்று ஒன்று வரும் என்று காட்டினான். இத்தனை வருடம் அந்த அம்புக்குறியை நான் கவனித்ததே இல்லை. எங்கள் கோப்புக்கு அது வேலை செய்யவில்லை. அடுத்து லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருளில் முயன்றான். எக்செல் முடியாது என்று சொல்வதைச் சில நேரம் அது திறந்துவிடுமாம். எங்களுக்கு அதுவும் இல்லை. இணையத்தில் கோப்பை ஏற்றினால் சரி செய்து தரும் இடங்கள் உண்டே என்று கேட்டேன். "143 பேரோட போன் நம்பர், பாங்க் கணக்கு எல்லாம் இதுல வச்சிருக்கீங்க. யாருன்னே தெரியாதவன்கிட்ட கொடுப்பீங்களா?" என்றான். எனக்கு வெட்கமாகப் போயிற்று. ஆபீசில் ஒரு பென்ஷன் கோப்பை மேசை மேல் விட்டுவிட்டு டீ குடிக்கப் போனால் சூப்பரின்டென்டென்ட்டிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான்.

அதன் பிறகு அவன் செய்தது எனக்கு மாயாஜாலம் மாதிரி இருந்தது. விளக்கிச் சொன்ன பிறகு ரெக்கார்டு ரூம் மாதிரி இருந்தது. எக்ஸ்.எல்.எஸ்.எக்ஸ். என்று முடியும் கோப்பு ஒரே கோப்பு இல்லையாம். பல கோப்புகளை ஒன்றாகக் கட்டி வைத்த ஜிப் மூட்டை. 2007இல் எக்செல் இந்த முறைக்கு மாறியது. அதற்கு முந்தைய எக்ஸ்.எல்.எஸ். கோப்புகள் வேறு வகை, அவற்றுக்கு இந்த வழி செல்லாது. மூட்டைக்குள் ஒவ்வொரு தாளும் தனித்தனிக் கோப்பு. எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை மூட்டையின் கடைசியில். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனதால் கோப்பின் வால் அறுந்துவிட்டது, அட்டவணையும் அதோடு போய்விட்டது. அட்டவணை இல்லாததால் எக்செல் உள்ளே நுழையவே மறுக்கிறது. ஆனால் அறுந்த இடம் வரைக்கும் உள்ள தாள்கள் அப்படியே இருக்கின்றன. அட்டவணை இல்லாவிட்டாலும் ஒவ்வொரு தாளின் தலைப்பையும் தேடிப் பிடித்து வெளியே எடுக்கும் கருவிகள் உண்டு. எடுத்தான். (சில கோப்புகளில் அளவு சரியாக இருக்கும், உள்ளே முழுக்க வெறும் பூஜ்யமாக இருக்குமாம். அப்படியானால் கடவுள் வந்தாலும் முடியாது என்றான். எங்களுக்கு அந்த அளவுக்குப் போகவில்லை.)

தாள்கள் வந்தன. பெயர்கள் வரவில்லை.

இதுதான் எனக்கு வியப்பு. கட்டத்தில் நாம் ஒரு பெயரை எழுதினால் எக்செல் அதை அந்தக் கட்டத்தில் வைப்பதில்லை. எழுத்துகளை எல்லாம் தனியாக ஒரு பட்டியலில் போட்டுவிட்டு, கட்டத்தில் 'பட்டியலில் இத்தனையாவது' என்று வெறும் எண்ணை வைக்கிறது. எண்களை மட்டும் கட்டத்திலேயே வைக்கிறது. அந்தப் பட்டியல் மூட்டையில் தாள்களுக்குப் பின்னால் இருந்ததால் வாலோடு போய்விட்டது. திரையில் ஆயிரக்கணக்கான நூறு ரூபாய்கள் நின்றன. யார் கொடுத்த நூறு என்று இல்லை.

தேதியும் இல்லை. தேதிக்குரிய இடத்தில் 45601, 45574 என்று நின்றது. எக்செலுக்குத் தேதி என்று ஒன்றும் கிடையாது. 1900 ஜனவரி முதல் தேதியை ஒன்று என்று வைத்து நாட்களை எண்ணிக்கொண்டே போகிறது. அதைத் தேதியாகக் காட்டும் அலங்காரம் வேறு தாளில். அதுவும் போய்விட்டது. புயல் கரையைக் கடந்த நாள் அதற்கு 45626. பையன் கணக்குப் போட்டுச் சொல்லச் சொல்ல, எனக்குத் துக்கத்திலும் ஒரு ஆசை, நம் ஊர்த் தேதிகளைக் கேட்டேன். விடுதலை நாளான 1954 நவம்பர் 1, எக்செலுக்கு 20029. சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த 1962 ஆகஸ்ட் 16, 22874. "கவர்னர் மாளிகையில கொடி இறங்கினதும் ஏறினதும் இதுக்கு வெறும் நம்பர் மாமா" என்றான்.

அப்போது அப்பா நினைவு வந்தது. அவர் மேரியில், அதாவது நகராட்சியில், 'எத்தா சிவில்' பிரிவில் கொமியாக இருந்தவர். பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவு. நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் ஆதலால் வீட்டில் அவர் பாடம் நடத்துவது அந்தப் பதிவேட்டை வைத்துத்தான். பிரெஞ்சு சிவில் சட்டத்தில் ஒரு விதி: பதிவில் எந்தத் தேதியையும் எண்ணில் எழுதக் கூடாது, எழுத்தில்தான் எழுத வேண்டும். சுருக்கெழுத்து கூடாது. ஒரு சொல்லை அடித்தால் ஓரத்தில் 'இத்தனை சொற்கள் அடிக்கப்பட்டன, செல்லாது' என்று எழுதி, பதிவில் கையெழுத்துப் போட்டவர்கள் எல்லாரும் அதற்கும் கையெழுத்துப் போட வேண்டும். 'மோ ரெயே நுல்' என்பார்கள். பதிவேட்டின் பக்கங்களுக்கு முதலிலேயே எண் போட்டு நீதிபதி ஒவ்வொன்றிலும் சுருக்கொப்பம் வைத்துக் கொடுப்பார். பாதியில் ஒரு தாளைக் கிழிக்கவும் முடியாது, செருகவும் முடியாது. சின்ன வயதில் இதெல்லாம் வெள்ளைக்காரன் வீம்பு என்று நினைத்தேன்.

பதிவேடு இரண்டு. ஒன்று மேரியில் இருக்கும், ஒன்று வருடக் கடைசியில் கோர்ட்டுக்குப் போகும். பிரெஞ்சுக் காலனிகளுக்கு மூன்றாவது ஒன்றும் உண்டு. 16ஆம் லூயி 1776இல் போட்ட ஆணைப்படி காலனிகளின் பதிவுகளுக்கு ஒரு பிரதி பிரான்சுக்குப் போக வேண்டும். இன்று அந்தப் பழைய பதிவேடுகள் தென் பிரான்சில் எக்ஸ்-ஆன்-பிரோவான்ஸ் நகரில் இருக்கின்றன. பாண்டிச்சேரி, காரைக்கால் பழைய ஏடுகளை இப்போது வீட்டிலிருந்தே இணையத்தில் புரட்டலாம். நம்மில் பல சொல்தா குடும்பங்கள் தாத்தாவின் பிறந்த தேதியை அங்கே தேடிக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

நான் சொல்ல வருவது எத்தனை பிரதி என்பதைப் பற்றி இல்லை. எண்ணிக்கை பார்த்தால் என்னிடமும் இரண்டு இருந்தது. அப்பாவின் இரண்டு பதிவேடுகளும் ஒன்றைப் பார்த்து ஒன்று பிற்பாடு எழுதியவை அல்ல. குழந்தையின் தகப்பனும் சாட்சிகளும் எதிரில் நிற்க, அப்போதே இரண்டிலும் எழுதி, இரண்டிலும் கையெழுத்து வாங்குவார்கள். ஒன்றில் தப்பு நேர்ந்தால் இன்னொன்று அதைக் காட்டிக் கொடுக்கும். என் இரண்டாவது கோப்பு என்ன செய்தது? முதல் கோப்பு சொன்னதற்கெல்லாம் தலையாட்டியது. முதல் கோப்பு செத்தபோது அதுவும் கூடவே உடன்கட்டை ஏறிவிட்டது. இதைப் பத்திரப்படுத்துவது என்று ஐந்து வருடம் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

எங்களுக்கு வழி காட்டியது என்ன தெரியுமா? உறுப்பினர் எண். எண் என்பதால் அது கட்டத்திலேயே தங்கியிருந்தது. எண்ணுக்கு யார் என்பது 2006இல் சங்கம் தொடங்கியபோது போட்ட பெரிய பதிவேட்டில் இருந்தது. பீரோவின் மேல்தட்டில், அந்துருண்டை வாசனையோடு. ஒவ்வொருவரும் சேர்ந்த நாளில் போட்ட கையெழுத்தோடு. மூன்று நாள் மாலையில் உட்கார்ந்து பையன் அனுப்பிய தாள்களையும் அந்தப் பதிவேட்டையும் சேர்த்து வைத்துப் பெயர் ஏற்றினோம். 61க்கு எதிரே மாதம் தவறாமல் நூறு. கடைசி வரவு 45601. அதாவது 2024 நவம்பர் 5.

கமிட்டி நண்பர் விடவில்லை. நியாயமான கேள்விதான் கேட்டார். "உடைஞ்சு போன கோப்பை உங்க மருமகன் தைச்சுக் கொடுத்திருக்காரு. இதை எப்படி நம்பறது?" எனக்குக் கோபம் வந்தது. இரவு யோசித்தபோது, ஆடிட் பார்ட்டி வந்தால் நானும் இதையேதான் கேட்டிருப்பேன் என்று தோன்றியது. மறுநாள் நெல்லித்தோப்பில் அந்த அம்மா வீட்டுக்குப் போனேன். வேறு ஏதாவது சீட்டு இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை சார் என்றார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு, சுவரில் இருந்த மாதக் காலண்டரைக் கழற்றினார். மளிகைக் கடையில் கொடுத்த காலண்டர். அதற்கு அடியில் 2023ஆம் வருடத்தது, அதற்கு அடியில் 2022. பால் கணக்கு, கேஸ் வந்த நாள், மாத்திரை வாங்கிய நாள், ஒவ்வொரு மாதமும் ஒரு கட்டத்தில் பென்சிலில் 'சங்கம் 100'. மூன்று வருடத்துக்கு முப்பத்தைந்து இடத்தில் இருந்தது. பெரும்பாலும் தேதி என் கோப்போடு ஒத்துப்போனது. சிலவற்றில் இரண்டு மூன்று நாள் வித்தியாசம், அவர் கொடுத்த நாளை எழுதியிருக்கிறார், நான் ஏற்றிய நாளை எழுதியிருக்கிறேன். அந்த வித்தியாசம்தான் கமிட்டி நண்பரைச் சமாதானப்படுத்தியது. "பார்த்து எழுதினா அப்படியே ஒத்துப்போகும். இது தனியா எழுதினது" என்று அவரே சொல்லிவிட்டார்.

ஜனவரிக் கூட்டத்தில் என் யோசனையை வைத்தேன். கோப்பை ஒவ்வொரு மாதமும் வேறு பெயரில், தேதி போட்டுச் சேமிப்பது, பழையதன் மேல் எழுதுவதே கிடையாது. மாதக் கடைசியில் தாளில் அச்செடுத்து, எழுதியவரும் எழுதாத இன்னொருவரும் கையெழுத்துப் போட்டுக் கட்டி வைப்பது. அடிக்கட்டையோடு ரசீது மறுபடியும்.

எதிர்ப்பு இரண்டு பக்கமிருந்தும் வந்தது. மூத்தவர் ஒருவர் கம்ப்யூட்டரே வேண்டாம், நோட்டுக்குத் திரும்புவோம் என்றார். அவரிடம் கேட்டேன்: 2011 தானே புயலில் ஓடு பறந்து நம் வீட்டு அலமாரிக் காகிதமெல்லாம் கூழானது மறந்துவிட்டதா? 2014 நவம்பர் மழையில் கடற்கரையில் மேரி கட்டடமே இடிந்து விழவில்லையா? காகிதமும் ஒரே இடத்தில் இருந்தால் ஒரே மழையில் போய்விடும். இன்னொரு பக்கம், எங்கள் சங்கத்துக் குழந்தை, வயது 62, எல்லாவற்றையும் இணையத்தில் போட்டுவிட்டால் பிரச்சினையே இல்லை, பழைய வடிவங்களையும் அதுவே வைத்திருக்கும் என்றார். அவர் சொன்னது உண்மை. அப்படி வைத்திருந்தால் அக்டோபர்க் கோப்பு எனக்கு ஒரு நிமிடத்தில் கிடைத்திருக்கும். நானும் இப்போது அதைச் செய்கிறேன். ஆனால் பாஸ்வேர்டு யாரிடம் என்று கேட்டேன். "உங்ககிட்டதான் சார்" என்றார். எழுபத்து மூன்று வயதுக்காரனிடம், அதுவும் மரண நிதிக் கணக்கின் சாவி! கூட்டத்தில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கணக்கு எழுதினவன் இல்லாதபோது, எழுதாதவர் எடுத்துப் படிக்க முடியாவிட்டால் அதைக் கணக்கு என்று எப்படிச் சொல்வது என்று கேட்டேன். பதில் வரவில்லை, டீ வந்துவிட்டது.

ரசீதுப் புத்தகம் நிறைவேறியது. அச்செடுப்பது நிறைவேறவில்லை. மாதம் எட்டுப் பக்கம், மை விலை என்ன தெரியுமா என்றார்கள். நான் என் செலவில் எடுத்துக்கொண்டிருக்கிறேன். கமிட்டி நண்பர், அதே சந்தேகக்காரர், மாதக் கடைசியில் வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் பார்த்து இரண்டாவது கையெழுத்துப் போடுகிறார். இதுவரை இரண்டு தப்பு கண்டுபிடித்திருக்கிறார். இரண்டும் என் தப்பு.

அந்த அம்மாவுக்குப் பொங்கல் கழித்து பதினைந்தாயிரம் கொடுத்தோம். வவுச்சரில் கையெழுத்துப் போட்டார். காலண்டர்களை ஆதாரமாகக் கோப்பில் வைக்கலாம் என்று எடுத்து வைத்திருந்தேன். அவர் எழுந்து போகாமல் நின்றார்.

"அந்தக் காலண்டரைத் திருப்பிக் கொடுப்பீங்களா சார்? அவரு கையெழுத்து வீட்டுல வேற எதுலயும் இல்ல."

முப்பத்தாறு தாளையும் எதிர்க் கடையில் ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டு, மூலத்தை மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்தோம்.